ஆற்றங்கரையில் செய்த சத்தியம்

என் கையெழுத்துக்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கே சின்ன ‘ர’, எங்கே பெரிய ‘ற’ என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். மகள் பாதியில் விட்ட கொப்பியில் எழுதுகிறேன். பிழைகளைப் பொறுத்து வாசியுங்கள். ஆட்களுக்கு முன்னால் பேச எனக்குக் கூச்சம். வாயால் சொல்ல முடிந்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

வீடு கல்முனைக்குடியில். நெல் ஆலையொன்றில் சாக்குத் தைக்கிறேன். வெள்ளிக்கிழமை ஆலை இல்லை. ஜும்ஆ தொழுது சோறு தின்றதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போய்விடுவேன். ஊருக்கு மேற்கே, வயல்களுக்குப் போகும் தாம்போதி ஒன்று இருக்கிறது. மாரியில் அந்தத் தாழ்ந்த பாதைக்கு மேலால் வெள்ளம் பாயும். அதற்குக் கொஞ்சம் கீழே, எங்கள் கரையில் ஒரு மருத மரம். அதனடியில் ஆறு ஆழம். கொடுவா மீன் நிற்கும், தூண்டில் போடுவேன். ஒன்றும் படாவிட்டாலும் பரவாயில்லை. ஆறு நாளும் ஆலை இயந்திரத்தின் இரைச்சல் கேட்ட காதுக்கு அந்த இடம் தேவையாக இருந்தது.

அந்த மரத்தடிக்குத் தாம்போதியைக் கடந்து நான்கு பேர் வருவார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தமிழ் ஊர் ஒன்றைச் சேர்ந்தவர்கள். அவர்களில் தடித்த ஒருவன் மேசன் வேலை செய்கிறவன். நகக்கண்ணில் எப்போதும் சீமெந்து இருக்கும். இன்னொருவன் மெலிந்தவன், சிவப்புத் தொப்பி போடுவான். மற்ற இருவரும் அவன் சொல்வதற்குச் சிரிப்பதோடு சரி.

முன்பெல்லாம் தலையை ஆட்டிக்கொள்வோம். உயிர் இறால் தீர்ந்தால் அவர்கள் தருவார்கள், நானும் கொடுப்பேன். எங்கள் பெயர் கொண்ட சிலர் தேவாலயங்களில் குண்டு வெடிக்க வைத்த வருஷத்தோடு அது மாறியது. அதற்குப் பிறகு போன முதல் நாள் நான் வாளியை இறக்கி வைத்தபோது சிவப்புத் தொப்பிக்காரன், “காக்கா, வாளிக்குள்ள என்ன, திறந்து காட்டிப்போட்டு வைங்க” என்றான். காக்கா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் மூடியைத் திறந்து காட்டினேன். இறால்கள் துள்ளின. திறந்து காட்டியிருக்கக் கூடாது என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வெள்ளி அவன் கேட்காமலே திறந்து காட்டினேன்.

கொரோனா நோய் வந்த காலத்தில் அவர்கள் என்னைப் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார்கள். நோய் போன பிறகும் அந்தப் பத்தடி அப்படியே இருந்தது. என்னைக் கண்டால், “தொப்பி பிரட்டி வந்திற்றுது, இனி மீன் வந்த மாதிரித்தான்” என்பான் சிவப்புத் தொப்பிக்காரன். எங்கள் ஆட்களை இழிக்கும் சொல் அது. அவன் தலையிலும் ஒரு தொப்பிதான் என்று சொல்ல எத்தனையோ முறை வாய் வரை வந்தது. சொன்னதில்லை.

எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் அவர்களைப் பற்றிப் பேசும் பேச்சும் நல்ல பேச்சல்ல. அதைக் கேட்டு நானும் சிரித்திருக்கிறேன். இதையும் எழுதிவிட வேண்டும்.

தூண்டில் போடுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் ஒதுங்கப் போனால், தேநீர் குடிக்கப் போனால், “பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டுப் போவான். பக்கத்தில் நிற்பவன் அவன் தடியையும் பார்த்துக்கொள்வான். மீன் பிடித்தால் இழுத்துப் போடுவான். மீன் தடிக்காரனுக்குத்தான். அந்த நான்கு பேரும் தங்களுக்குள் அப்படித்தான் இருந்தார்கள். என் தடியைப் பார்க்க ஒருவரும் இல்லாததால், பின்னேரம் அசர் தொழுகைக்கு நேரமானால் தடியை ஒரு கவைக்கம்பில் சாய்த்து, கல் வைத்து, அதன் பின்னாலேயே சாக்கை விரித்துத் தொழுவேன். அந்தக் கரையில் கிப்லா, தொழ வேண்டிய திசை, ஆற்றுப் பக்கம். தொழும்போது தடியும் எனக்கு முன்னாலேயே இருக்கும்.

அந்தத் தடி என் மனைவியின் தம்பி கட்டாரில் இருந்து கொண்டுவந்தது. பெட்டியில் எத்தனையோ சாமானுக்கு நடுவில் எனக்கென்று அதை வைத்துக் கட்டியிருந்தான். எனக்கு அதற்கு முன் ஒருவரும் அப்படி ஒன்று கொண்டுவந்து தந்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை தொழுகைக்கு முன் கை கால் கழுவி வுழூ செய்ய ஆற்றில் இறங்கி வாய் கொப்பளித்தேன். சிவப்புத் தொப்பிக்காரன் மேலே நின்று, “ஆத்தில துப்பாதிங்க காக்கா, மீன் செத்துப்போகும்” என்றான். நான் தலையைக் குனிந்துகொண்டு காலைக் கழுவினேன். சாக்கை விரித்துத் தக்பீர் கட்டித் தொழத் தொடங்கினேன்.

தொழும்போது பார்வை நெற்றி வைக்கும் இடத்தில் இருக்க வேண்டும். என் பார்வை தடி நுனியில் இருந்தது. நான்கு ரக்அத்தில் இரண்டாவதில் நுனியில் கட்டியிருந்த மணி அடித்தது. தடி வளைந்தது. சின்ன மீன் அல்ல. கவைக்கம்பு ஆடுவது தெரிந்தது.

“மணி அடிக்குது காக்கா. மீன் பாங்கு சொல்லுது” என்றான் சிவப்புத் தொப்பிக்காரன்.

“விடுடா மனே. அவங்கட ஆள் மேல இருந்து பாத்துக்கொள்ளுவார்” என்றான் மேசன்.

பொருள் போய்விடும் என்றால் தொழுகையை முறித்துவிட்டு அதைக் காப்பாற்றலாம் என்று பிறகுதான் அறிந்தேன். அன்று எனக்குத் தெரியாது. ருகூஉவில் குனிந்தேன். சுஜூதில் நெற்றி வைத்திருக்கும்போது கல் புரண்ட சத்தம் கேட்டது. எழுந்து உட்கார்ந்து பார்த்தபோது மேசன் என் தடியை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தான். தங்களுக்குள் செய்வதை இன்று எனக்கும் செய்யப் போகிறான் என்று எண்ணினேன். தொழுகைக்குள்ளேயே மனது குளிர்ந்துவிட்டது.

அவன் தடியைத் தூக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே அதன் நடுவில் குதிகாலை வைத்து மிதித்தான். காய்ந்த மட்டை முறிகிற சத்தம். மேல் பாதியை மீன் இழுக்க, தங்கூசி நூல் அறுந்தது. முறிந்த பாதி கரையோரம் மிதந்தது.

இன்னும் இரண்டு ரக்அத் இருந்தது. தொழுதேன். எதை ஓதினேன் என்று தெரியாது. தொழுகையை முடிக்கும்போது முதலில் வலப்பக்கம் முகம் திருப்பிச் சலாம் சொல்ல வேண்டும். என் வலப்பக்கம் அவர்கள்தான் நின்றார்கள். திரும்பினேன். சொன்னேன்.

“நமக்குச் சலாம் போடுறாருடா” என்றான் சிவப்புத் தொப்பிக்காரன். இந்த முறை மற்ற இருவரும் சிரிக்கவில்லை.

“முறிஞ்சிற்று காக்கா” என்றான் மேசன். “பாத்துப் போங்க.”

இரண்டு துண்டையும் எடுத்துச் சைக்கிளில் டியூப் ரப்பரால் கட்டினேன். முடிச்சு விழவில்லை. மூன்று முறை கட்டினேன்.

தாம்போதியில் நின்ற எங்கள் ஊர் ஓட்டோக்காரன் ஒருவன் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். நான் வீட்டுக்குப் போய்ச் சேருமுன் கதை சந்திக்குப் போய்விட்டது. வாசலில் மச்சான் நின்றான், தடி கொண்டுவந்த அதே தம்பி, லீவில் வந்திருந்தவன். அவனுக்குப் பின்னால் ஐந்தாறு மோட்டார் சைக்கிள்கள்.

“யாரு?” என்றான்.

“விடு மச்சான். தடி தானே.”

“தடி தானேயா? தொழுதுகொண்டு நிக்கக்குள்ள முறிச்சிரிக்கானுவள். நீங்க பொத்திக்கொண்டு வந்திரிக்கீங்க. ஏறுங்க.”

“எங்க?”

“ஏறுங்கண்டா. ஆளக் காட்டினாக் காணும். மத்தத நாங்க பாக்கம்.”

உள்ளேயிருந்து மனைவி அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. நான் ஏறினேன். ஏறாமல் இருந்தால் நான் இல்லாமல் போயிருப்பார்கள். அது இன்னும் மோசம்.

போகும் வழியெல்லாம் ஒன்றுதான் நினைத்தேன். சில வருஷத்துக்கு முன் அதே தாம்போதியில் எங்கள் பக்கத்துச் சைக்கிளொன்றும் அவர்கள் பக்கத்து மோட்டார் சைக்கிளொன்றும் முட்டிக்கொண்டன. இரண்டு பேரும் ஏசிக்கொண்டார்கள். அவ்வளவுதான். பொழுதுபடுவதற்குள் பாதையில் டயர் எரிந்தது. இரண்டு பக்கமும் கல். நாட்கணக்கில் கடை இல்லை, ஆலை இல்லை. எங்கள் ஒழுங்கையில் ஒருவனுக்கு ஒரு கண் போனது. அவன் முட்டியவனும் அல்ல, எறிந்தவனும் அல்ல. பாண் வாங்கப் போனவன். இன்று நான் ஒரு விரலை நீட்டினால் இன்னொருவனுக்குக் கண் போகும்.

நால்வரும் இன்னும் மரத்தடியில்தான் இருந்தார்கள். மோட்டார் சைக்கிள்களைக் கண்டதும் எழும்பி நின்றார்கள். மேசன் கைபேசியைக் காதில் வைத்திருந்தான். தாம்போதியின் மறு அந்தத்தில் இரண்டு பேர் நின்றார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஐந்து பேரானது.

“காட்டுங்க மச்சான். எவன்?” என்றான் மனைவியின் தம்பி.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் அத்தனை பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தது நிக்காஹ் அன்றைக்குத்தான்.

“ஒருத்தரும் முறிக்கல்ல” என்றேன்.

“என்ன?”

“தொழுதுபோட்டு எழும்பக்குள்ள நான்தான் காலை வச்சிற்றன். கால் மரத்துப்போய் இருந்திச்சி. தடிக்கு மேலால விழுந்திற்றன்.”

“அப்ப ஓட்டோக்காரன் கண்டது?”

“அவன் தாம்போதில நிண்டவன். தூரம்.”

மச்சான் என் முகத்துக்குக் கிட்ட வந்தான். அவனுக்குத் தெரியும், நான் பொய் சொல்கிறேன் என்று.

“வல்லாஹி சொல்லுங்க” என்றான்.

அல்லாஹ்வின் மேல் சத்தியம். நான் எதற்கும் அதைச் சொல்கிறவன் அல்ல. ஆலையில் சாக்குக் காணாமல் போய், என்னை நிறுத்திக் கேட்ட நாளிலும் சொல்லவில்லை. மேசன் கைபேசியைக் காதிலிருந்து இறக்கிவிட்டான். அந்தச் சொல் என்னவென்று எங்கள் பக்கத்தில் தமிழ் ஆட்களுக்கும் தெரியும்.

“ஒரு தடிக்கு வல்லாஹி கேக்கிறியா?”

“ஓம். சொல்லுங்க. சொன்னாப் போறம்.”

“வல்லாஹி” என்றேன். “நான்தான் முறிச்ச.”

பின்னால் நின்ற ஒருவன், “காக்கா தடிக்கு மேலால விழுந்ததுக்கா எங்கள இழுத்துக்கொண்டு வந்த?” என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு வந்த வேகம் போய்விட்டது. மோட்டார் சைக்கிள்கள் திரும்பின. மச்சான் என்னை ஏற்றவில்லை. நான் நடந்து வந்தேன். பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும்போது இன்னும் வயல் பாதையில்தான் இருந்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பள்ளிவாசலில் ஆட்கள் போன பிறகு மௌலவியிடம் கேட்டேன்.

“பொய்ச் சத்தியம் செஞ்சா என்ன செய்யணும் மௌலவி?”

“யாரு செஞ்ச?”

“ஒராள்.”

“அந்த ஆள முதல்ல தவ்பா செஞ்சி அல்லாகிட்ட மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க. பொறகு பத்து ஏழைக்குச் சாப்பாடு குடுக்கணும். ஏலாட்டி மூணு நோன்பு. எதுக்குச் செஞ்சாரோ அத அல்லா அறிவான். நோன்பு நோன்புதான்.”

அடுத்த வெள்ளி போவதா வேண்டாமா என்று ஜும்ஆ முடியும் வரை தீர்மானிக்க முடியவில்லை. போகாமல் விட்டால் அந்த இடம் இனி எனக்கு இல்லை என்பது தெரிந்தது. தடி இல்லை. ஒரு பலகைத் துண்டில் தங்கூசியைச் சுற்றிக்கொண்டு போனேன். நால்வரும் இருந்தார்கள். வாளியை வைத்தேன். திறந்து காட்டவில்லை. ஒருவரும் கேட்கவும் இல்லை.

நெடுநேரத்துக்குப் பிறகு மேசன் தண்ணீரைப் பார்த்தபடி கேட்டான்.

“அண்டைக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“உங்களுக்காக இல்ல.”

“அப்ப?”

என்னென்னவோ வந்தது. பாண் வாங்கப் போனவனின் கண்ணைப் பற்றிச் சொல்ல நினைத்தேன். “எனக்கு இந்த இடம் வேணும்” என்று மட்டும் சொன்னேன்.

அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. சிவப்புத் தொப்பிக்காரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். “நீ பொத்து” என்றான் மேசன். அசருக்கு நான் சாக்கை விரித்தபோது அவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அது மரியாதையா, வெறுப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் போகிறேன். அவர்களும் வருகிறார்கள். அந்தப் பத்தடி இன்னும் இருக்கிறது.

ஊரில்தான் எனக்கு இடம் குறைந்துபோனது. மச்சான் திரும்பக் கட்டாருக்குப் போகும்வரை என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. போகும் நாள் விருந்தில், கட்டார்த் தடிக்கு மேலால் விழுந்த மனிதன் என்று என்னைக் காட்டி எல்லாருக்கும் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். பிள்ளைகளும் சிரித்தார்கள். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை. அவன் அந்தக் கதையைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் நான் திரும்பச் சத்தியம் செய்வது போல் இருக்கிறது. நேரில் சொல்லித் திருத்த எனக்கு ஏலாது. அதனால்தான் இந்தக் கொப்பி. அவன் அடுத்த முறை வரும்போது கையில் கொடுப்பேன். தடி முறிந்து ஆறு மாதத்துக்கு மேலாகிவிட்டது. இனி அவன் மோட்டார் சைக்கிளைத் தேட மாட்டான் என்று நம்புகிறேன்.

மௌலவி சொன்ன நோன்புகளை மனைவி சந்தேகப்படாதபடி வியாழக்கிழமைகளில் பிடித்தேன். விரும்பிப் பிடிக்கும் சுன்னத்தான நோன்பு என்று நினைத்து அவள் விடியுமுன் சஹருக்கு எழும்பிச் சோறு சூடாக்கித் தந்தாள். இரண்டைப் பிடித்துவிட்டு மூன்றாவதை இழுத்துக்கொண்டே இருந்தேன். ரமழான் கிட்டி வருவதால் இன்று பிடித்திருக்கிறேன். அவள் அடுப்படியில் கஞ்சிக்கு அரிசி கழுவுகிற சத்தம் கேட்கிறது. நோன்பு திறக்க இன்னும் நேரமிருக்கிறது.

ஷஃபான் பிறை பதினொன்று, வியாழக்கிழமை, அசருக்குப் பின்.