பயூமியின் அட்டைப் பருந்து

இம்பாபா சந்தில் துணி தேய்க்கிற பயூமிக்கு மூக்கு அவ்வளவு பெரியது. மழை பெய்தால் மீசை நனையாது. மாடியில் முப்பத்தோரு புறா வளர்த்தான். லூலியா என்ற வெள்ளைப் பெட்டைமேல் வைத்த பாசத்தில் கால்வாசியைப் பெண்டாட்டிமேல் வைத்திருந்தால், இன்ஷிரா இந்நேரம் பத்துக் கிலோ பூரித்திருப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை லூலியா வழி தவறி, எதிர்மாடியில் ஷர்காவியின் புறாக் கூட்டத்தோடு போய் இறங்கிவிட்டது. எவன் மாடியில் இறங்குகிறதோ அவனுக்கே சொந்தம், அதுதான் புறாக்காரர்களின் சட்டம். தானாகப் பறந்து திரும்பினால் மட்டும் பழைய ஆளுக்கு.

"விருந்தாளி நல்லாத் தின்னுறாண்ணே," என்று ஷர்காவி எதிர்மாடியிலிருந்து கத்தினான். "உன் வீட்ல பட்டினி போல. நாளைக்கு இறக்கைய நறுக்கிட்டா இங்கயே குடும்பம் நடத்துவா."

பயூமிக்குச் சோறு இறங்கவில்லை. சமையலறையில் டார்ச்சைப் பொருத்தி விரலை நீட்டினான். சுவரில் விரல் நிழல். டார்ச்சுக்குக் கிட்டே கொண்டுபோனான். விரல் உலக்கையானது.

"இன்ஷிரா, அட்டைல பருந்து வெட்டி இப்படிக் காட்டுனா அவன் கூடே காலியாயிடும்."

"அட்டை எதுக்கு? மூக்கக் காட்டுங்க, போதும்."

தேய்த்து மடித்த சட்டைக்குள் வைக்கிற அட்டையில் பருந்து தயாரானது. கல்யாணப் பந்தல்காரனிடம் ஒட்டகத் தலையளவு விளக்கு ஒன்று இரவல் வாங்கி, அன்றே பொழுது சாய்ந்ததும் தன் மாடியிலிருந்து எதிர்மாடிக்கு அடித்தான். விடிந்துவிட்டதென்று ஷர்காவியின் புறாக்கள் சோம்பல் முறித்துக்கொண்டு வெளியே வந்தன. பயூமி பருந்தை விளக்கோடு ஒட்டிப் பிடித்தான். நிழல் கூட்டை விழுங்கியது, சுவரை விழுங்கியது, ஷர்காவியையும் அவன் டீயையும் விழுங்கியது. அலகுமில்லை, இறக்கையுமில்லை, ஒரே கறுப்பு. இருட்டிவிட்டதென்று புறாக்கள் வரிசையாகத் தூங்கப் போயின.

"தள்ளிப் பிடிங்க மனுஷா," என்றாள் இன்ஷிரா.

அட்டையை எடுத்ததும் மறுபடி விடிந்தது, புறாக்களும் மறுபடி வந்தன. இந்த முறை பருந்தைத் துணிக்கம்பின் நுனியில் கட்டி, விளக்கிலிருந்து எட்ட நீட்டினான். எதிர்ச்சுவரில் அலகும் நகமுமாக, அச்சு அசலாகப் பருந்து. புறாக்கள் நாலாபக்கமும் சிதறின. லூலியா மட்டும் நேராக வந்து அவன் தோளில் உட்கார்ந்தது.

அந்த நேரம் பார்த்து, வெளிச்சத்தில் விழித்த அவனுடைய மற்ற முப்பதும் கூட்டிலிருந்து எட்டிப்பார்த்தன. அவற்றின் கண்முன்னே கம்பில் ஆடியது நிழலல்ல, பருந்தே. முப்பதும் ஒரே மூச்சில் சந்துக்கு மேலே பறந்து ஷர்காவியின் மாடியில் இறங்கின.

"அண்ணே," என்றான் ஷர்காவி. "இதெல்லாம் எனக்கா?"

"சட்டம்னா சட்டந்தான். வச்சுக்கோ," என்று பயூமி லூலியாவைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டான்.

பதினோரு வருஷமாக முப்பத்தோரு புறாவின் எச்சத்தைக் கழுவிய இன்ஷிரா, சந்தே அதிரக் குலவை போட்டாள்.