நாயைப் பிடித்துக்கொண்டவர்

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் லோடு இறக்குகிறவர். தொண்ணூறுகளின் கடைசியில், கூட வேலை பார்த்த சினேகிதர் ஒருவர் இவர் கண்ணெதிரேயே இரும்புச் சுருளுக்கு அடியில் மாட்டிச் செத்துப்போனார். அதோடு இவருக்குத் தூக்கம் போய்விட்டது. கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே கூட்ஸ் யார்டு. வேகன்கள் மோதிக்கொள்ளும் சத்தம் கேட்டால் போதும், எழுந்து உட்கார்ந்து உடம்பெல்லாம் நடுங்குவார். மாத்திரை சாப்பிட்டார், தர்காவில் மந்திரித்துக் கயிறு கட்டினோம். எதற்கும் மசியவில்லை.

தெருவில் திரிந்த ஒரு செவலை நாய் ஒரு மழை நாளில் உள்ளே வந்து, அவர் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்தது. அன்றைக்கு அவர் விடியும்வரை தூங்கினார். அதிலிருந்து அது எங்கள் வீட்டு நாய். எனக்கு நாய் என்றாலே ஆகாது. ஆனால் புருஷனைத் தூங்க வைக்கிற ஜீவனை எப்படித் துரத்துவது? ஆஸ்பத்திரி டாக்டரே, "மாத்திரைய விட இது நல்லா வேலை செய்யுது. கூடவே வெச்சுக்குங்க, அதுக்கு வெறிநாய் ஊசி மட்டும் போட்டுடுங்க" என்றார்.

பக்கத்துத் தெருவில் வெறிநாய் ஒருத்தரைக் கடித்தபோதுதான் அந்த ஊசி எனக்கு ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்துவிட்டால் நான் ஆளை விடமாட்டேன். நச்சரித்து, மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றை இரவல் வாங்கி, நாயையும் அவரையும் மாட்டாஸ்பத்திரிக்குக் கிளப்பினேன். நாயை நான் பிடித்துக்கொள்வதாகத்தான் பேச்சு. அங்கே போய் அது பல்லைக் காட்டியதும் பின்வாங்கிவிட்டேன்.

"இன்னாயா பாத்துகினு கீற? உன் பேச்சதான் கேக்கும், நீ புடி" என்று அவரைத் தள்ளிவிட்டேன்.

அவர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஒண்ணியும் ஆவாது நைனா, நான் கீறேன்ல" என்றார். உடனே அடங்கி அவர் முகத்தையே பார்த்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊசி இறங்கியது. வீல் என்று கத்தி, அவர் கையை உதறிவிட்டு வண்டிக்கு அடியில் போய் ஒண்டிக்கொண்டது.

வீட்டுக்கு வந்தும் அவர் பக்கம் போகவில்லை. டீக்கடையில் பொறை ரொட்டி வாங்கி வந்து நீட்டினார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டது. கொடுமை என்னவென்றால், என்னிடம் வந்து வாலை ஆட்டியது. எல்லாவற்றையும் கிளப்பிவிட்ட எனக்கு நல்ல பெயர்! அந்த வாலைப் பார்க்கவே கூசியது.

மறுநாள் காலையில் கண் சிவக்க உட்கார்ந்திருந்தார். தூங்கவில்லையா என்று கேட்டேன்.

"அன்னிக்கி ஆர்பர்ல அவன்கிட்டயும் இதேதாம்மே சொன்னேன். நான் கீறேன்ல, நீ தைரியமா கீழ பூந்து சங்கிலிய மாட்டுன்னு" என்றார்.

கூடவே குடும்பம் நடத்துகிற எனக்கு அதுவரை இது தெரியாது. அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து மறுபடி வரவழைத்தது நான்தானே. நாயைத் தூக்கி வந்து அவர் காலடியில் போட்டுப் பார்த்தேன். கெஞ்சினேன், திட்டினேன். எழுந்து வாசலுக்குப் போய்விடும். அவர் வேகன் சத்தத்துக்குப் பழையபடி எழுந்து உட்கார ஆரம்பித்தார்.

ஒரு மாதம் கழித்து இன்னொரு ஊசி போடச் சொல்லியிருந்தார்கள். "வேணாம்மே, வுட்டுடு" என்றார்.

"நீ உள்ள வராத. கேட்டாண்ட நில்லு. இந்த வாட்டி நான் புடிக்கிறேன்" என்றேன்.

துண்டால் அதன் வாயைக் கட்டினேன். பயத்தில் எனக்கு உயிரே போனது. ஆனாலும் தேவைக்கு மேலேயே இறுக்கிப் பிடித்தேன், என்னை வெறுக்கட்டும் என்று. ஊசி இறங்கியதும் துண்டோடு பிய்த்துக்கொண்டு ஓடியது. நேரே கேட்டுக்குத்தான்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் தரையில் உட்கார்ந்து துண்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அது அவர் மடியில் முகத்தைப் புதைத்து முனகியது. அவர் அழுதுகொண்டே சிரித்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். விழுந்த குழந்தைக்காகத் தரையை அடித்துச் சமாதானம் சொல்வோமே, அந்தக் குரலில், "யாரு நைனா உன்ன குத்தினது? இவளா? இவள அடிச்சிடலாமா?" என்று என் முதுகில் லேசாகத் தட்டினார். நாய் என்னை முறைத்தது. இன்னும் கொஞ்சம் பலமாக அடித்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.