வலப்பக்கத்தில் யோர்க்

மை தடவிய மரக்கட்டையிலிருந்து முதல் தாளை உரித்துப் பார்த்ததும் குனிகுண்டா தலையில் அடித்துக்கொண்டாள். உலக முடிவில் கடவுள் நல்லவரையும் கெட்டவரையும் பிரிக்கும் பொதுத்தீர்வைப் படம். மேலே இயேசு இரு கைகளையும் விரித்து அமர்ந்திருக்கிறார். அவருக்கு வலப்பக்கம் இருக்க வேண்டிய மோட்சக் கூட்டம் இடப்பக்கம் நிற்கிறது. வலப்பக்கத்தில் பிசாசுகள் இளிக்கின்றன.

பட்டறையில் படம் வரைகிற எண்ட்ரெஸ் அதைக் கட்டையில் இடம் வலமாகத் திருப்பிப் போட மறந்திருந்தான். அச்சில் இடம் வலமாகும் என்று நியூரம்பெர்க்கில் மரம் செதுக்குகிற எவருக்கும் தெரியும். கண்ணாடியில் காட்டிப் பார்க்காமல் யாரும் உளியைத் தொடுவதில்லை. குனிகுண்டா தொட்டுவிட்டாள். அவள் கவனமெல்லாம் மோட்சக் கூட்டத்தின் கடைசி ஆள்மேல் இருந்தது. அந்தச் சப்பை மூக்குக்காரன் அவள் புருஷன் யோர்க். தவக்காலத்தில் கோயில் சாரத்திலிருந்து விழுந்து, பாவங்களைக் குருவிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமலே செத்த கொத்தன். படத்திலாவது அவனைக் கரையேற்றிவிடலாம் என்று நினைத்திருந்தாள். பாழாய்ப்போன கட்டை அவனை இடப்பக்கம் தள்ளிவிட்டது.

"யாரு பார்க்கப் போறா?" என்றான் எண்ட்ரெஸ்.

"படத்தைச் சரிபார்க்கப் பங்குச் சாமி உல்ரிக் இப்ப வந்துருவாரு. அவருக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? அடுப்புல போடும்பாரு."

"அப்ப புதுசா செதுக்கு."

"நாளைக்குக் கல்லறைத் திருநாள், கோயில்ல தாளு குடுக்கணும். எதுல செதுக்க, உன் மண்டையிலயா?"

ஒரே வழிதான் இருந்தது. கட்டையின் கீழ்ப்பாதியை அறுத்தெடுத்து, அதை நடுவில் இரண்டாக்கி, இடம் மாற்றிப் பொருத்த வேண்டும். நடுவில் இருந்ததோ நூலளவு இடைவெளி. அதை ஒட்டித்தான் யோர்க் நின்றான். எண்ட்ரெஸ் ரம்பத்தை எடுத்தான், அவள் பிடுங்கிக்கொண்டாள்.

"விடு. பிசகுனா என் கையாலேயே பிசகட்டும்."

பேரிக்காய் மரக்கட்டை லேசில் இடம் கொடுக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். முடியப்போகிற நேரத்தில் மரம் படக்கென்று பிளந்தது. யோர்க்கின் ஒரு கால், முழங்காலோடு சிலாம்பாய்த் தெறித்து விழுந்தது. குனிகுண்டா வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே துண்டுகளை மாற்றி இறுக்கினாள், மை தடவினாள், அச்செடுத்தாள்.

தாளின் ஈரம் காயுமுன் உல்ரிக் சாமி வந்துவிட்டார். யோர்க் விழுந்த அன்று, சாகிறவர்களுக்குக் கொடுக்கும் நற்கருணையோடு ஓடிவந்தும் பிந்திப்போனவர் அவர்தான். மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்தார். மோட்சக் கூட்டத்தின் ஓரத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

"இந்த மூக்கை எனக்குத் தெரியுமே."

எண்ட்ரெஸ் கோழை, உத்தரத்தைப் பார்த்தான்.

"கால் எங்கம்மா?"

"மரம் விட்டுருச்சு, சாமி. நொண்டினாலும் வலப்பக்கம் வந்துட்டாரு. அங்கயே நிக்கட்டும், சாமி."

கால் இல்லாத இடத்தைச் சாமி விரலால் மெல்லத் தடவினார்.

"அச்சடிம்மா," என்றார் பிறகு. "இந்தத் தாளை நான் எடுத்துக்கிறேன்."

அவர் விரலில் மை ஒட்டியிருந்தது.