ஊசிக்குக் கேட்ட கைநாட்டு

எனக்கு எண்பத்தாறு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். எழுத்து அவ்வளவாக வராது. நான் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

இலங்கையில் கொட்டகலைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தபோது, மூத்தவள் செல்வி பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடுதாசி கொண்டுவந்தாள். காச நோய் வராமலிருக்க ஊசி போடப் போகிறார்களாம், தாய் தகப்பன் கைநாட்டு வைக்க வேண்டுமாம். அப்போது நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளிலெல்லாம் எங்களை இந்தியாவுக்கு அனுப்பப் போகிறார்கள் என்ற பேச்சுதான். கைநாட்டு வைத்தால் கப்பலில் ஏற்றிவிடுவார்களோ என்று பயந்து, முடியாது என்றேன்.

"ஊசிக்குப் புள்ள அழும்னு பாத்தா, தாய்க்காரி கடுதாசிக்கு நடுங்குறா," என்று வீட்டுக்காரர் சிரித்தார். சிரித்தாரே தவிர, அவரும் வைக்கவில்லை.

ஊசி போடும் நாளில் செல்வியை மட்டும் தனியே நிறுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டு, கொழுந்துக் கூடையோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"முழுசா வாசிங்க சார், பெறகு வைக்கிறேன்," என்றேன் யாழ்ப்பாணத்து மாஸ்டரிடம்.

"ஊசி மட்டுந்தான் அம்மா, வேற ஒண்டும் இல்லை."

"அத கடுதாசி சொல்லட்டுங்க."

அவர் சிரித்துக்கொண்டே சத்தமாக வாசித்தார். ஊசியைத் தவிர அதில் வேறு பேச்சே இல்லை. பெருவிரலை அழுத்தி வைத்தேன். மருந்துப் பெட்டியை மூடப்போன நர்ஸ் அம்மா திரும்பத் திறந்தார். செல்வி அழவே இல்லை. அந்தத் தழும்பு இன்றும் அவள் தோளில் இருக்கிறது.

அதற்குப் பிறகு எந்தக் கடுதாசிக்கும் நான் பயந்து ஒதுங்கியதில்லை. வாசிக்கச் சொல்லிக் கேட்டுத்தான் கை வைப்பேன். இதன் கீழும் என் பெயர் வரப்போகிறது. எங்கே கண்ணு, முதலிலிருந்து வாசி.