வெள்ளைக்காரருக்குத் துணை

என் கோணல் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான்.

மெல்பேர்னிலிருந்து நான்கு குடும்பமாக நாள் முழுக்க வாகனம் ஓடி, வடமேற்கில் உள்ள பாலைவனத்துக்கு வந்திருக்கிறோம். அரசாங்க நிலம், விரும்பிய இடத்தில் கூடாரம் அடிக்கலாம். கண்ணுக்கெட்டிய தூரம் செம்மணலும் குட்டை மரங்களும்தான். ஒரேயொரு வெள்ளைக்காரக் கிழவர் தன் கூடாரத்தின் முன் கதிரை போட்டு உட்கார்ந்து பேசாமல் இருக்கிறார். ஒருநாளாவது அப்படி இருக்கத்தான் நானும் வந்திருக்கிறேன். அக்காவின் கணவரான அத்தானோ வான் வண்டியை நேரே அவர் பக்கத்தில் நிறுத்துகிறார்.

“பாவம், மனுசன் தனிய இருக்கிறார்.”

நான்கு குடும்பமும் அவரைச் சுற்றிக் கூடாரம் அடிக்கிறோம். அக்கா புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் கொண்டுபோய்க் கொடுக்கிறா. கிழவர் வெளியைக் கையால் காட்டி என்னிடம் ஆங்கிலத்தில் கேட்கிறார்: “இவ்வளவு இடம் கிடக்க, ஏன் இங்கே?”

கூச்சத்தில் நான் அத்தானைக் காட்டுகிறேன். அத்தான் அவர் தோளைத் தட்டுகிறார்.

“நோ வொறீஸ் அங்கிள், நாங்கள் இருக்கிறம்!”

கிழவர் புட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறார். பிறகு கூடாரத்தைச் சுருட்டி, ஜீப்பில் ஏற்றிக்கொண்டு தூரத்து மணல்மேட்டுக்குப் போய்விடுகிறார். அவர் விட்ட இடத்தில் என் கதிரையை விரித்து உட்காருகிறேன். நல்ல அமைதி.

அத்தான் மணல்மேட்டைப் பார்க்கிறார்.

“ஐயோ, திரும்பவும் தனியப் போயிட்டார். எழும்புங்கோ, எல்லாத்தையும் கட்டுங்கோ!”

நான் கதிரையை மடிக்கிறேன்.

நோபல் பார்க், மெல்பேர்ன்,
ஈஸ்டர் லீவு முடிந்த ஞாயிற்றுக்கிழமை.