ரைட்டர் அண்ணன் வளர்த்த உறைமாவு

தேவசகாயம் அண்ணன் தவறிவிட்ட செய்தி வந்தபோது நான் ஏற்காடு போகும் பஸ்ஸில் இருந்தேன். எஸ்டேட் டிரைவர்தான் கூப்பிட்டார். "நம்ம ரைட்டர் போயிட்டாருங்க. தூக்கத்துலயே." அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நாகலூருக்குத் திரும்பினேன்.

எஸ்டேட் அலுவலகத்தில் கணக்கெழுதும் ரைட்டர் அவர்; பல வருடங்கள் எங்கள் மேசைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அவரோடு பழகிய உங்களில் பலரும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

கொரோனா ஊரடங்கில் பேக்கரிகள் மூடிக்கிடந்தன. படுக்கையில் இருந்த அவர் மனைவி மேரி அக்காவுக்கோ காப்பியில் நனைத்த ரொட்டி மட்டும்தான் உள்ளே இறங்கியது. ஈஸ்ட் கிடைக்கவில்லை. செல்போனில் பார்த்து, கோதுமை மாவையும் தண்ணீரையும் கலந்து ஒரு பாட்டிலில் புளிக்க வைத்தார் அண்ணன். தயிருக்குப் போல இது ரொட்டிக்கு உறை என்றார். முதல் ரொட்டி கல்லாக வந்தது. "செவுரு கட்டலாமுங்க" என்று அவரே சிரித்தார். குளிரில் மாவு பொங்கவில்லை. அக்கா பாட்டிலை வாங்கித் தன் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். மறுநாள் பொங்கி வழிந்திருந்தது.

அக்கா போன பிறகும் அந்த உறையை அண்ணன் சாகவிடவில்லை. தினமும் கொஞ்சம் மாவும் தண்ணீரும் ஊட்டுவார். "இதுக்குத் தீனி வெச்சாத்தான் எனக்குச் சோறு எறங்குதுங்க" என்பார். சனிக்கிழமை தோறும் அவர் வீட்டுக்குப் போனால் எனக்கொரு ரொட்டி வரும். கூடவே, உறைப் பாட்டிலின் மூடியைத் திறந்தபடி ஒரு பேச்சும் வரும்: "கலாம்மா, ஒரு கரண்டி உறை எடுத்துட்டுப் போங்க. ரெண்டு ஊட்டுல இருந்தா நொம்ப நல்லதுங்க."

"அடுத்த வாரம் பாக்கலாமுங்கண்ணா" என்பேன். ரொட்டிதான் வருகிறதே, இந்த வேலை நமக்கெதற்கு என்று உள்ளுக்குள் நினைப்பு.

அடக்கம் முடிந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். சென்னையிலிருந்து வந்திருந்த மகள் ஜெசி சமையலறையை ஒழித்துக்கொண்டிருந்தாள். பாட்டில் கழுவிக் கவிழ்த்தப்பட்டிருந்தது.

"இதுல இருந்த மாவு எங்க கண்ணு?"

"ஒரே புளிச்ச வாடைங்க அத்தை. கெட்டுப்போச்சுன்னு கொட்டிட்டேன்."

அங்கே நான் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. "ஐயோ சாமி, அது உங்கம்மா போர்வைக்குள்ள வெச்சுப் பொங்க வெச்சதாச்சே!"

குழாயைக்கூட மூடாமல் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஊரடங்கில் சென்னையில் மாட்டிக்கொண்டவள். தாயின் கடைசி நாட்களில் கூட இருக்க முடியாதவள். இந்தக் கதையை அவளிடம் யாரும் சொன்னதில்லை. சொல்ல நான் தேர்ந்தெடுத்த நேரம் அது. பிறகு நிமிர்ந்து, "உங்க வீட்டுல கொஞ்சம் இருக்குமுங்களா அத்தை?" என்றாள்.

இல்லை என்றேன். இத்தனை வருடப் பழக்கத்தில் அந்த வீட்டில் நான் சொன்ன சொற்களிலேயே கனமானது அதுதான்.

கடைசியாக அவர் கொடுத்த ரொட்டியில் பாதி என்னிடம் மிச்சம் இருந்தது. மறுநாள் காலை கொண்டுபோனேன். ஜெசி காப்பியில் நனைத்துத் தின்றாள். எனக்கும் ஒரு துண்டு நீட்டினாள்.

"வேண்டாம் கண்ணு, நீயே சாப்புடு."

"சாப்பிடுங்க அத்தை. அப்பா உங்களுக்குத்தானே குடுத்தாரு."

தின்றேன்.

அண்ணனோடு பழகியவர்களிடம் ஒன்று கேட்கிறேன். என்னைப் போல இல்லாமல் அவர் கொடுத்த உறையை யாராவது வாங்கி வைத்திருந்தால், ஜெசிக்கு ஒரு கரண்டி கொடுங்கள். நான் வைத்திருப்பது வேறு. தள்ளிப்போட்ட ஒவ்வொரு முறையும், முகம் சுளிக்காமல் "ஆகட்டுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் அந்தப் பாட்டில் மூடியைத் திருகி மூடிய சத்தம்.