வராத இரண்டாவது அழைப்பு

கலாநிதி க. அருளம்பலம் அவர்கள் காலமான செய்தி, செவ்வாய்க்கிழமை காலை, அலுவலகத்துக்குப் புறப்படுவதற்காக நான் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசியில் வந்தது. பேசியவர் வைத்தியசாலைத் தாதி. நான் நோயாளியின் உறவினரா என்று கேட்டார். உண்மைப்படி இல்லை என்றே சொல்லியிருக்க வேண்டும், ஆம் என்றேன். விடியற்காலையில் இருதயம் நின்றுவிட்டதென்றும், துன்பப்படவில்லையென்றும் அவர் சொன்னார். அன்று செவ்வாய். அருளம்பலம் அவர்களுக்குச் செயற்கைச் சிறுநீரக இயந்திரம் வழங்குவதா இல்லையா என்பதை வைத்தியசாலைக் குழு இரண்டாம் முறை ஆராய இருந்த நாள் வியாழன்.

அவரை அறியாதவர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். வடமராட்சியிற் பிறந்து, கொழும்பிற் பட்டம் பெற்று, அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலமொன்றிற் புள்ளிவிவரவியலிற் கலாநிதியானவர். மனைவியார் இளவயதிலேயே காலமானார், பிள்ளைகள் இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் மெல்பேண் நகருக்கு விரிவுரையாளராக வந்து, பிரன்ஸ்விக்கில் ஒரு வாடகை அறைத்தொகுதியில் தனியே வாழ்ந்தார். இந்நகரில் நம்மவர் ஒரு கூடத்துள் அடங்கிவிடக்கூடிய காலம் அது. நான் புகையிரதத் திணைக்களத்திற் கணக்காய்வாளன். கோடைச் சனிக்கிழமைகளிற் கிரிக்கெட் நடுவர். விதி என்று ஒன்று இருந்தால் அது எல்லாருக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று நம்புகிறவன். எங்கள் நட்பு அந்த நம்பிக்கையின் மீது நிகழ்ந்த ஒரு நெடிய வாக்குவாதமாகவே வளர்ந்தது.

அவர் முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்த நாளில், என் மனைவி பரமேஸ்வரி தேநீர் தரட்டுமா என்று கேட்டார். இப்போதுதான் குடித்தேன் என்றார். மீண்டும் கேட்டபோது, வீணாகச் சிரமப்பட வேண்டாம் என்றார். மூன்றாம் முறை, "சரி தங்கச்சி, அரைக் கோப்பை" என்றார். முழுக் கோப்பை வந்தது, முழுவதையும் குடித்தார். நம்மவர்க்கு இது விளக்கம் வேண்டாத ஒழுங்கு. ஆனால் வீட்டு உரிமையாளரான முதிய ஆஸ்திரேலிய அம்மையார் ஒருநாள் அவரை மதிய உணவுக்கு அழைத்து, இன்னும் கொஞ்சம் இறைச்சி வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். இவர் வேண்டாம் என்றதும், அந்த அம்மையார் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். பசியோடு நேரே எங்களிடம் வந்தவர், கதிரையில் அமர்ந்து சிரித்துக்கொண்டே, என்னை எப்போதும் விளிக்கும் 'ஐசே'யோடு சொன்னார்: "ஒருக்காத்தான் கேக்கினம், ஐசே. ரண்டாந்தரம் கேக்கவே மாட்டினம்."

ஒரு குளிர்காலச் சனிக்கிழமை அவரை இந்நகரத்தின் உதைபந்தாட்டம் பார்க்க அழைத்துச் சென்றேன். பருவ முடிவிற் புள்ளி வரிசையின் முதல் ஐந்து அணிகள் இறுதிச்சுற்றுக்குப் போகும், கடைசியில் இரண்டு அணிகள் ஒரே திடலில் மோதும், வென்றவர் சம்பியன் என்று பெருமையோடு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். வீடு திரும்பியதும், தாம் படித்த நாட்டில் அந்நாட்டு உதைபந்தாட்டம் ஆடும் கல்லூரி அணிகளுக்கு இறுதிப்போட்டியே கிடையாது என்றார். நான் நம்பவில்லை.

உடனே எங்கள் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, முற்றத்து ரோஜா ஒன்றை ஒரு மூலையில் வைத்தார், அது கலிபோர்னியா. ஒரு தோடம்பழம், அதாவது ஆரஞ்சு, புளோரிடா. சீனிப் போத்தல் நியூ ஓர்லியன்ஸ். தம்முடைய பருத்திக் கைக்குட்டை டெக்சாஸ். இப்பொருள்களின் பெயரால் அவ்விடங்கள் ஒவ்வொன்றும் புத்தாண்டை ஒட்டி ஓர் ஆட்டத்தை நடத்தும்; அதனைக் கிண்ணம் என்பார்கள். ரோஜாவுக்கு உடன்படிக்கை உண்டு: இரண்டு குறிப்பிட்ட கல்லூரிக் கூட்டமைப்புகளின் வெற்றியாளர்கள் மட்டுமே அங்கு ஆடலாம். மற்றக் கிண்ணங்களில் ஓர் இடம் ஒரு கூட்டமைப்புக்கு உரியதாக இருந்தாலும், அடுத்த இடம் அழைப்பினால் நிரப்பப்படும். கிண்ணக் குழுவினர் நிறநிறமான மேற்சட்டை அணிந்து நவம்பர் மாதமெல்லாம் திடல் திடலாகப் போய்ப் பார்ப்பார்கள். குறித்த நாளுக்கு முன் அழைக்கக் கூடாது என்பது விதி. அந்த நாள் வருமுன் எல்லாம் காதோடு காதாகப் பேசி முடிந்திருக்கும். தொலைபேசி ஒருமுறை அடிக்கும். கலந்து பேசிச் சொல்கிறோம் என்று தயங்கும் கல்லூரி, மதியச் சாப்பாட்டுக்கு முன் அந்த அழைப்பு வேறொருவருக்குப் போய்விட்டதை அறியும்.

சரி, சம்பியன் யார் என்று கேட்டேன். அதற்கு வாக்கெடுப்பு என்றார். பத்திரிகையாளர் ஒரு பக்கம் வாக்களிப்பார்கள். பயிற்றுநர் மறுபக்கம் வாக்களிப்பார்கள். இரு சாராரும் வேறு வேறு அணிகளைச் சொன்னால் இரண்டு சம்பியன்கள். அதிலும் பயிற்றுநர் கிண்ண ஆட்டங்களுக்கு முன்னரே வாக்களித்துவிடுவார்கள். அவர்கள் முடிசூட்டிய அணி கிண்ணத்தில் தோற்றாலும் முடி இறங்காது. இது போட்டியல்ல, தேர்தல் என்று நான் கடிந்துகொண்டேன். அன்று அவர் சொன்ன பதிலை நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

"நூற்றுக்கு மேலை ரீம் இருக்கு, ஐசே. எல்லாரும் எல்லாரோடையும் விளையாடேலாது. ஒருத்தரை ஒருத்தர் காணாத ஆக்களை எப்பிடி நிறுக்கிறது? யாரோ பாத்துத்தான் சொல்லவேணும். பாக்கிறவன் வடிவாக் கவனிச்சுப் பாக்கவேணும், அவ்வளவுதான்."

அதற்குப் பின் வந்த ஆண்டில் அவருடைய பல்கலைக்கழக அணி ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. கடைசி ஆட்டத்தில், அதுவரை தோல்வியறியாத பரம எதிரியுடன் சமநிலை. இருவருள் ஒருவர்தான் ரோஜாவுக்குப் போகலாம். கூட்டமைப்பின் பணிப்பாளர்கள் வாக்களித்து மற்ற அணியை அனுப்பினார்கள். ரோஜா கிடைக்காதவர் வேறு கிண்ணத்துக்கும் போகக்கூடாது என்பது அக்கூட்டமைப்பின் விதி. ஆகவே தோற்காத அந்த அணி வீட்டில் இருந்தது. இது அநீதி என்று நான் கொதித்தேன். அவர் அமைதியாக, விதி எழுதியவன் இப்படி ஒரு சமநிலை வருமென்று நினைத்திருக்க மாட்டான் என்றார். ஆனால் அன்று மூன்றாம் முறை கேட்டும் தேநீர் குடிக்கவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் அவருடைய கால்கள் வீங்கத் தொடங்கின. இரு சிறுநீரகங்களும் பழுதடைந்திருந்தன. உப்பு நின்றது, வாழைப்பழமும் உருளைக்கிழங்கும் நின்றன, தண்ணீர் அளவானது. இரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரம் வைத்தியசாலையிற் சிலவே இருந்தன. வீட்டிலேயே ஒன்றைப் பொருத்தித் தருவார்கள். ஆனால் அதனை இயக்க வீட்டில் ஒருவர் பயிற்சி பெற வேண்டும். கேட்பவர்கள் பலர், இயந்திரங்கள் சில. யாருக்கு என்பதை ஒரு குழு தெரிவு செய்யும். அதை விளக்கிய இளம் வைத்தியரைப் பார்த்து, உங்களுடையது பத்திரிகையாளர் வாக்கா, பயிற்றுநர் வாக்கா என்று அருளம்பலம் அவர்கள் கேட்டாராம். வைத்தியருக்கு விளங்கவில்லை.

நாங்கள் முன்கூட்டியே எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தோம். எங்கள் வீட்டுப் பின்னறையை அவருக்கு ஒதுக்கினோம். தண்ணீர்க் குழாய் போதுமா என்று நான் அளந்து பார்த்தேன். ஊசி ஏற்றத் தாம் பழகுவதாகப் பரமேஸ்வரி சொன்னார். நவம்பரில் அவரைக் குழுவின் முன் அழைத்தார்கள். நோயாளி தனியாகவே வர வேண்டும் என்றதால் நான் வெளியே வாங்குப் பலகையில் இருந்தேன். சற்று நேரத்திலேயே வெளியே வந்தார். டிராமில் ஏறி அமர்ந்த பின்தான் நடந்ததைக் கேட்டேன்.

"உதவிக்கு ஆள் இருக்கோ எண்டு கேட்டினம். ஒருத்தரையும் கரைச்சல்படுத்த விருப்பமில்லை எண்டன்."

"பிறகு?"

"மெஷின் வேணுமோ எண்டு கேட்டினம். சின்னப் பிள்ளையள் உள்ள ஆக்கள் இருந்தா, முதல் அவையளுக்குக் குடுங்கோ, எனக்கு அவசரமில்லை எண்டன்."

"பிறகு?"

"பிறகென்ன, நன்றி எண்டு சொல்லிப்போட்டு எழும்பியிட்டினம்." ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "திருப்பிக் கேப்பினம் எண்டு நினைச்சன்."

வீட்டில் இதைக் கேட்ட பரமேஸ்வரி குசினிக் கதவைப் பிடித்தபடி நின்றார். "தேத்தண்ணியே மூண்டுதரம் கேட்டால்தானே அண்ணை குடிக்கிறவர்" என்று மட்டும் சொன்னார். குழுவின் முடிவு சில நாட்களில் வந்தது: நோயாளிக்கு இயந்திரத்தில் நாட்டமில்லை, வீட்டில் உதவியாளரும் இல்லை. அந்த இடம் மூன்று பிள்ளைகளின் தாய் ஒருவருக்கு வழங்கப்பட்டது. அந்த அம்மையார் நீடு வாழவேண்டும். குழு எந்த விதியையும் மீறவில்லை. அவர்கள் கேட்டார்கள், அவர் பதில் சொன்னார். பிழை எங்கே என்று சுட்டிக்காட்ட என்னிடம் ஒரு விதியும் இருக்கவில்லை.

நான் வைத்தியரிடம் போனேன். எங்கள் பழக்கத்தை விளக்கினேன். ஐம்பது வயது மனிதன் ஒருவன், இறைச்சித் தட்டையும் அரைக் கோப்பைத் தேநீரையும் சாட்சியாக வைத்து ஓர் உயிருக்காக வாதாடினான். அமெரிக்கப் பயிற்றுநர்கள்கூட இந்த ஆண்டிலிருந்து கடைசி ஆட்டம் முடிந்த பிறகே வாக்களிப்பதென்று விதியை மாற்றிவிட்டார்கள் என்றும் சொன்னேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார், ஆனால் மனமுள்ள மனிதர். கோடை விடுமுறைக்குப் பின், பெப்ரவரியில், மீண்டும் ஆராய்வதாக வாக்குத் தந்தார்.

ஜனவரி இரண்டாம் திகதி காலை, சிற்றலை வானொலியில் ரோஜா ஆட்டத்தைக் கேட்டோம். அங்கே அப்போது புத்தாண்டுப் பிற்பகல். இங்கே வெயில் கொளுத்தியது. தண்ணீருக்குப் பதிலாகப் பரமேஸ்வரி கொடுத்த ஐஸ்கட்டியை அவர் வாயில் அடக்கியிருந்தார். அவருடைய அணி அந்த ஆண்டும் வீட்டில்தான். கடைசி நிமிடங்களிற் பின்தங்கியிருந்த அணி ஒரு புள்ளி வித்தியாசம்வரை நெருங்கியது. பந்தை உதைத்துச் சமன் செய்யலாம். அல்லது பந்தோடு உள்ளே நுழைந்து இரண்டு புள்ளி பெற முயலலாம். தவறினால் ஒன்றுமில்லை. அவர்கள் இரண்டைக் கேட்டார்கள், பெற்றார்கள், வென்றார்கள். பயிற்றுநரின் வாக்கு அவர்களுக்கே கிடைத்ததென்று பின்னர் அறிந்தோம்.

வானொலியை அவரே நிறுத்தினார்.

"பாத்தீரே, ஐசே. வேணும் எண்டு நேரை கேட்டிட்டாங்கள்." ஐஸ்கட்டியைக் கடித்து விழுங்கினார். பின்னர், நான் அவரிடம் அதற்கு முன் ஒருபோதும் கேளாத குரலிற் சொன்னார்: "எனக்கும் அது வேணும். அண்டைக்கும் வேணுமாத்தான் இருந்தது. சாகப் பயமாக் கிடக்கு, ஐசே."

அன்றிலிருந்து ஒத்திகை பார்த்தோம். பரமேஸ்வரி மேசையின் மறுபக்கம் வைத்தியராக அமர்ந்து, ஆங்கிலத்திற் கேட்பார்: உங்களுக்கு இயந்திரம் வேண்டுமா? முதல் நாள் அவர் வாய் தானாகவே, உங்களுக்குச் சிரமமில்லையென்றால், என்று தொடங்கியது. மூவரும் சிரித்தோம், பின்னர் சிரிப்பு நின்றது. அடுத்த முறை, வேண்டும், ஆனால், என்றார். "ஆனாலை விடுங்கோ அண்ணை" என்றார் பரமேஸ்வரி. ஒரு கலாநிதி, தம் உயிரை வேண்டும் என்று சொல்ல, எங்கள் சாப்பாட்டு மேசையில் நாள்தோறும் பாடம் செய்தார். அவருடைய உதடுகள் வெளுத்திருந்தன. ஜனவரி முடியும்போது, கேள்வி முடியுமுன்பே, ஆம், வேண்டும், என் நண்பரும் அவர் மனைவியும் உதவுவார்கள், என்று தெளிவாகச் சொல்லக் கற்றுவிட்டார். பெப்ரவரி பிறந்ததும் நிலைமை மோசமாகி வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டார். அந்த வாக்கியத்தைச் சொல்வதற்கான அறைக்குள் அவர் போகவேயில்லை.

இறுதிச் சடங்கு புதன்கிழமை. மறுநாள் வியாழன், நான் வைத்தியசாலைக்குப் போனேன். தொலைபேசியில் அறிவித்தாலே போதும். ஆயினும் விண்ணப்பத்தை விண்ணப்பித்த இடத்திலேயே மீளப் பெறுவதுதான் முறை என்று எனக்குத் தோன்றியது. அதே வாங்கில் இருந்தேன். வைத்தியர் வெளியே வந்து என் கையைப் பற்றினார். இன்று அவர் உயிரோடு இருந்திருந்தால் முடிவு என்னவாக இருந்திருக்கும் என்று கேட்டேன். குழுவின் மனத்தைத் தாம் முன்கூட்டிச் சொல்ல இயலாது என்றார். அது சரியான பதில். வேறு எந்தப் பதிலையும் நான் மதித்திருக்க மாட்டேன். ஆனாலும் அந்தப் பதிலோடு எப்படி வீட்டுக்குப் போவதென்று தெரியாமல் அங்கேயே அமர்ந்திருந்தேன்.

தேநீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண்மணி அவ்வழியே வந்தார். நின்று, ஒரு கோப்பை வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. வண்டியின் சக்கரம் அசையத் தொடங்கியது.

வேண்டும் என்றேன்.

அவர் ஊற்றித் தந்தார். சாயம் குறைந்த, பால் கூடிய தேநீர். அருளம்பலம் அவர்களே, அதனை நான் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். உங்கள் பங்கையும் சேர்த்தே குடித்தேன். போய் வாருங்கள், ஐசே. நீங்கள் போகும் இடத்தில் எவராவது வாசலில் நின்று ஒன்று வேண்டுமா என்று கேட்டால், முதலாவது முறையே ஓம் என்று சொல்லிவிடுங்கள்.